ஸ்கோப் ஏன் இடப்பக்கம்?

கே: முதல் உலகப்போர்ப் படங்களில் பிரிட்டிஷ் ஸ்நைப்பர் துப்பாக்கியில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதே, ஏன்? - வாசகர், காவேரிப்பட்டினம்

ப: அது லீ என்ஃபீல்டு. 5 தோட்டா கோத்த கிளிப்பை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்புவார்கள். நடுவில் ஸ்கோப் நின்றால் கிளிப்புக்கு வழியில்லை. வலப்பக்கமோ, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி. வேகமாகச் சுடச் சாதாரணக் குறியும் மறையக்கூடாது என்றார்கள். பதுங்கியிருந்து ஒரே குண்டு சுடுகிறவனுக்கு வேகம் எதற்கு? 1916இல் பிரான்சில் ஸ்நைப்பர் பள்ளி தொடங்கிய ஹெஸ்கெத் பிரிச்சர்டு (பிறந்தது நம் ஜான்சியில்) இதைக் குறை சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது.

ஸ்கோப், துப்பாக்கிக் குழலிலிருந்து 5 செ.மீ. இடப்பக்கம் தள்ளியிருப்பதாக வையுங்கள். 100 கஜத்தில் குறியும் குண்டும் சேரும்படி திருத்தினால், 200 கஜத்தில் குண்டு 5 செ.மீ. இடப்பக்கம் போகும், 300இல் 10 செ.மீ. இன்னொரு தொல்லை, பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் இருக்கும் ஓட்டை. அதில் குழலை நீட்டினால் ஸ்கோப்புக்கு எதிரே தகடுதான் தெரியும். ஓட்டையைப் பெரிதாக்கினால் எதிரியின் குண்டுக்கும் வழி பெரிதாகும்.

கே: குழாயே இல்லாத ஸ்கோப் இருந்ததாமே? - வாசகர், பாலக்கோடு

ப: இருந்தது. லாட்டி, நீல், மார்ட்டின் என்று வகைகள். துப்பாக்கி நுனியில் குவிலென்ஸ், கண்ணருகே சின்னக் குழிலென்ஸ், நடுவே வெறும் காற்று. கலிலியோ தொலைநோக்கியேதான், உருவம் நேராகத் தெரியும்.

கிருஷ்ணகிரியில் கண்ணாடிக் கடையில் பிளஸ் 2 பவர் லென்ஸ் ஒன்றும் மைனஸ் 4 ஒன்றும் வாங்குங்கள். மைனஸைக் கண்ணருகே வைத்து, பிளஸை அதற்கு 25 செ.மீ. முன்னால் பிடித்து மலைக்கோட்டையைப் பாருங்கள் (சூரியன் பக்கம் திருப்பவே கூடாது). மதில் இரண்டு மடங்காகத் தெரியும். முன் லென்ஸை அரை அங்குலம் பக்கவாட்டில் அசைத்தால் கோட்டையே துள்ளும். போர்க்களத்தில் நடந்ததும் அதுதான்: நுனி லென்ஸ் எதிலாவது இடிபட்டு இம்மி நகர்ந்தாலும், உடையாமலே குறி கெட்டது. மழையும் சேறும் நேராக லென்ஸில் விழுந்தன. குழல் நீளத்துக்கு லென்ஸ்களைத் தள்ளி வைத்ததால், தெரியும் பரப்பும் மிகக் குறுகியது.

கே: ஜெர்மானியர் மட்டும் எப்படி முந்தினார்கள்? - வாசகர், பென்னாகரம்

ப: அங்கே வேட்டைக்காரர்களிடம் ஸ்கோப் துப்பாக்கி ஏற்கெனவே இருந்தது, திரட்டிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். ஆனால் அவை பழைய 88 ரகத் தோட்டாவுக்கானவை. படையின் புதிய கூர்முனை ‘எஸ்’ தோட்டாவின் குண்டு சற்றே பருமன், போட்டால் குழலில் அழுத்தம் ஏறும். அதனால் ‘எஸ் தோட்டா போடாதே’ என்று துப்பாக்கியிலேயே தகடு அடித்து வைத்தார்கள்.