தாய்லாந்து ஆர்க்கிட்டும் மூலனூர் கண்வலியும்

காட்டில் குறைந்துவரும் கண்வலி உட்பட, அழியும் நிலையிலுள்ள வெப்பமண்டலப் பூக்கள், அவற்றைக் காக்க நாடுகள் சேர்ந்து செய்யும் வேலைகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவும் பதில்களும்:

பொள்ளாச்சியிலிருந்து: சார், ஆன்லைனில் தாய்லாந்து ஆர்க்கிட் மலிவாக வருதுங்க. வாங்கலாமா?

உரிய அனுமதியோடு வந்தால் தாராளமாக வாங்கலாம். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது. நர்சரியில் வளர்த்த செடிக்கும் பொதுவாக ஏற்றுமதி அனுமதி வேண்டும். 1976இலேயே இந்தியா அதில் சேர்ந்துவிட்டது. அப்புறம் நம் பக்கம் இறக்குமதி அனுமதி, தாவர சுகாதாரச் சான்று எல்லாம் உண்டு. ‘கிஃப்ட் என்று போட்டு அனுப்பிவிடுகிறேன்’ என்கிற வியாபாரியை விட்டுவிடுங்கள். அந்தச் செடி காட்டில் பிடுங்கியதா என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

மூலனூரிலிருந்து: நாங்கள் ஏக்கர் கணக்கில் கண்வலி போட்டு விதையை வெளிநாட்டுக்கு விற்கிறோம். அதைப் போய் அழிகிற பூ என்கிறீர்களே?

நியாயமான கேள்விங்க. தோட்டத்தில் நிற்பது வேறு, காட்டிலும் வேலியோரத்திலும் நிற்பது வேறு. கண்வலி என்கிற செங்காந்தள் நம் மாநிலப் பூ, ஜிம்பாப்வேக்குத் தேசியப் பூ. பயிர் வைக்கக் கிழங்கு வேண்டும். அது காட்டிலிருந்துதான் தோண்டி வந்தது. கவட்டை மாதிரி இருக்கும் கிழங்கின் நுனியில்தான் முளை. அது ஒடிந்தால் கிழங்கே வீண் என்பது உங்களுக்கே தெரியும்.

காலையில் ஆள் விட்டு மகரந்தம் தொட்டு வைக்கிறீர்கள். மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு பூவை விட்டுப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால்தான் அந்தப் பாடு. காட்டில் அந்த வேலையைப் பட்டாம்பூச்சி போன்றவை செய்ய வேண்டும். நாலு கொடி மட்டும் மிஞ்சிய இடத்தில் காய் பிடிப்பது சிரமம். விதையிலுள்ள கொல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காக வாங்கும் கம்பெனிகள், கிழங்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பூவுக்கு மாநாடுகளைவிட அந்த ஒரு கேள்வி உதவும்.

கோவை கல்லூரி மாணவி: இங்கிலாந்தின் விதை வங்கியில் உறைய வைத்துவிட்டால் போதாதா?

கியூ தாவரவியல் தோட்டத்தின் மில்லினியம் விதை வங்கி மைனஸ் 20 டிகிரியில் விதைகளை வைத்திருக்கிறது. ஆனால் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தாலே செத்துவிடும். ஆர்க்கிட் விதையோ தூசு. உள்ளே உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் நட்சன் காட்டினார். குடுவையில் வளர்ந்தது சரி, திரும்பப் போக அந்தக் காடு இருக்க வேண்டுமே? அது மட்டுமில்லை, உங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமிக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்குள்ள பழைய மாதிரிகளையும் கியூவில் உள்ளவற்றையும் ஒப்பிட்டுத்தான் பல செடிகளின் பெயர் உறுதியாகிறது. பெயர் உறுதியாகாத செடியை எந்தப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது?

வால்பாறையிலிருந்து: எஸ்டேட்டில் மரம் சாய்ந்து ஆர்க்கிட் கீழே கிடக்குதுங்க அண்ணா. வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா?

வேண்டாம் தம்பி. காட்டுக்குள் என்றால் வனத்துறையிடம் சொல்லுங்கள். எஸ்டேட் நிலம் என்றால் மேலாளரிடம் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே சொரசொரப்பான பட்டையுள்ள நாட்டு மரத்தில், முன்பிருந்த அளவு வெயில் படும் பக்கமாகப் பருத்தித் துணியால் கட்டுங்கள். மண் போடாதீர்கள், வேர் அழுகிவிடும்.