எதுக்குங்க நின்னீங்க?

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 6 வருடம், ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். கடைசி 2 மாதச் சம்பளம் வரவில்லை. சாயப்பட்டறையில் துணி தாமதமாகி ஷிப்மென்ட் தள்ளிப்போனதற்கு, எல்லார் முன்னாலும் நிற்க வைத்து என்னைத் திட்டினார் முதலாளி. நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டேன். இப்போது போகிற இடத்திலெல்லாம் "எதுக்குங்க நின்னீங்க?" என்கிறார்கள். போன வாரம் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "சொல்லி அனுப்பறோமுங்க" என்றார்கள், அவ்வளவுதான். இனிப் பொய்தான் சொல்ல வேண்டுமா?
— ஒரு வாசகி, அவிநாசி

பதில்: பொய் வேண்டாம் அம்மிணி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்விக்கு இன்னொரு பொய் தேட வேண்டிவரும்.

19 வருடம் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஆள் எடுக்கிற வேலை பார்த்தவள் நான். ஒருநாள் ஒரு பையன் வந்தான். இருபது நிமிடமும் பழைய முதலாளியைப் பற்றியே பேசினான். அவனுக்கு என்ன வேலை தெரியும் என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அனுப்பிவிட்டேன். அவன் சொன்னது அத்தனையும் நிஜம் என்று ஆறு மாதம் கழித்து, எங்களுக்குப் பிரிண்டிங் போட்டுத் தருகிறவர் சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்கும் அந்தப் பையன் முகம் ஞாபகம் வந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் அந்த மேசையில் யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்க யாருக்கும் வழியில்லை, நேரமும் இல்லை.

அதனால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள்: "ஆறு வருசம் இருந்தேனுங்க, சாம்பிள்ல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் அங்கதான் கத்துக்கிட்டேன். கடைசியில சம்பளம் சரியா வரலீங்க, அதனால நோட்டீஸ் கொடுத்துட்டு நின்னுட்டேனுங்க." இது நடந்த விஷயம்; யாரையும் ஏசுவதாகாது. ஷிப்மென்ட் பற்றிக் கேட்டால், துணி எங்கே நின்றது, பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, நீங்கள் எப்போது தகவல் சொன்னீர்கள், அடுத்த ஆர்டரில் லேப் டிப் (சிறு துணியில் சாயம் போட்டுக் காட்டும் நிற மாதிரி) அப்ரூவலுக்கு எத்தனை நாள் கூடுதலாக ஒதுக்குவீர்கள் என்று சொல்லுங்கள். யார் யாரைத் திட்டினார் என்பது அதில் வர வேண்டியதே இல்லை. மெர்ச்சண்டைசர் வேலை தெரிந்தவர் எதிரே இருந்தால், இந்தப் பதிலிலேயே உங்களை எடை போட்டுவிடுவார்.

இன்னொன்று. "அந்த பையருக்கு பீஸ் என்ன ரேட்டுக்குப் போச்சுங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பார்கள். உள்ளே கோபம் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும், கவனம். "பழைய கம்பெனி கணக்குங்க, அது வேண்டாமுங்க" என்று சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்ன ஒரு பெண்ணை எங்கள் முதலாளி அந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டார். திருப்பூரில் நிட்டிங், சாயம், எம்பிராய்டரி என்று பாதிப் பேருக்கு ஜாப் ஒர்க் செய்வது ஒரே ஆட்கள்தான். காலையில் நீங்கள் பேசியது சாயங்காலத்துக்குள் பழைய கேட் வரைக்கும் போய்விடும்.

உங்கள் கோபம் நியாயமானது. அதை அதற்குரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். வராத சம்பளத்துக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். 5 வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உங்களுக்கு உண்டு. அதை எழுத்தில் கேளுங்கள். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 6 வருடத்துக்கு ஏறத்தாழ 51,900 ரூபாய். இதைக் கேட்காமலே எத்தனையோ பெண்கள் நின்றுவிடுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பணம் கட்டி 2 மாதம் ஆனபின் ஆன்லைனில் நீங்களே பதியலாம். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் தெரியும். அடுத்த இன்டர்வியூவுக்குள் அதைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள்.