இரண்டுமே 24 மெகாபிக்சல். விலையில் மட்டும் ஏன் இவ்வளவு தூரம்?

ஒளிப்படம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கேனான் ஆர்50, ஆர்3 ஆகிய இரண்டு மிரர்லெஸ் கேமராக்களிலும் 24 மெகாபிக்சல் சென்சார்தான் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் படத்தில் தெரியுமா? என் மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிகளை எடுப்பதுதான் என் முதல் தேவை. கடன் வாங்கியாவது பெரிய கேமராவை வாங்க நினைக்கிறேன், சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கடன் வாங்க வேண்டாம். உங்கள் தேவைக்கு ஆர்50 போதும். ஆனால் அதனுடன் வரும் லென்ஸ் போதாது. இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மெகாபிக்சல் என்பது ஒரு காட்சியை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறோம் என்ற எண்ணிக்கை மட்டுமே. அந்தப் புள்ளிகள் எவ்வளவு பெரியவை, அவை எவ்வளவு விரைவாகப் படிக்கப்படுகின்றன என்பதை அந்த எண் சொல்வதில்லை. 2021-இல் வெளிவந்த ஆர்3 ஃபுல் ஃபிரேம் கேமரா. அதன் சென்சார் ஏறத்தாழ 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்டது. 2023-இல் வந்த ஆர்50-இன் சென்சார் 22.3 மி.மீ. நீளம், 14.9 மி.மீ. அகலம். பரப்பளவைக் கணக்கிட்டால் பெரியது சிறியதைப் போல் 2.6 மடங்கு. ஒரே துளை (லென்ஸில் ஒளி நுழையும் வழி; அதைக் குறிக்கும் எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), ஒரே ஷட்டர் வேகம் வைத்து எடுத்தால் ஆர்3-இன் சென்சாரில் மொத்தமாக 2.6 மடங்கு ஒளி விழும். ஆகவே மங்கிய வெளிச்சத்தில், குருணை குருணையாகத் தெரியும் நாய்ஸ் அதில் குறைவாக இருக்கும்.

இப்போது லென்ஸுக்கு வருவோம். ஆர்50-உடன் வழக்கமாகத் தரப்படும் 18-45 மி.மீ. லென்ஸை 45 மி.மீ.க்கு நீட்டினால், அதன் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. கேனானின் ஆர்எஃப் 50 மி.மீ. லென்ஸ், அந்த நிறுவனத்தின் ஆர்எஃப் வரிசையிலேயே விலை குறைந்தவற்றுள் ஒன்று. அதன் துளையோ எஃப் 1.8 வரை திறக்கும். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து, வரும் விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: பன்னிரண்டுக்குச் சற்று மேலே வரும். அதாவது, கேமராவை மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றினால் பன்னிரண்டு மடங்கு ஒளி. பல லட்சம் செலவழித்துக் கேமராவை மாற்றி, அதே எஃப் எண்ணுள்ள ஃபுல் ஃபிரேம் லென்ஸைப் பொருத்தினால் 2.6 மடங்கு. அமெரிக்காவில் இவை அறிமுகமானபோது லென்ஸ் இல்லாத ஆர்50-இன் விலை ஏறத்தாழ 680 டாலர். ஆர்3-இன் விலை 5,999 டாலர். ஒன்பது மடங்குக்கு அருகில் வரும் அந்தத் தொகையை எந்த இடத்தில் போட்டால் படம் மேம்படும் என்பதை இனி நீங்களே கணக்கிடலாம்.

ஆர்50-இல் பொருத்தும்போது 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ. காட்டும் காட்சியைக் காட்டும். மேடையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி அமர்ந்து கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால், சுமார் 2.7 மீட்டர் உயரம் படத்தில் அடங்கும். ஆடுபவரின் தலைக்கு மேல் உயரும் கையும், தரையில் பதியும் சலங்கையும் வெட்டுப்படாது. ஜதி விரைந்து செல்லும்போது நொடியில் 500-இல் ஒரு பங்கு வேகமாவது வையுங்கள். ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் என்ற அடவுக் கோவை முடிந்து அரைமண்டியில் உடல் ஒரு கணம் அசையாமல் நிற்கும் இடத்தில் 125-இல் ஒரு பங்கே போதும். அலபத்ம முத்திரையில் விரிந்த விரல்களின் நுனிகூடத் தெளிவாக விழும். உங்கள் மகள் ஆடும் உருப்படிகளை நீங்கள் வீட்டிலேயே பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்தக் கணம் எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கேமராவும் அதை உங்களுக்கு முன்னால் அறிந்துகொள்ளாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. சபையில் ஓசை கேட்கக் கூடாது என்று மின்னணு ஷட்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேடையின் எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்குகின்றன. ஆர்50-இன் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதற்குள் விளக்கு பலமுறை மினுக்கிவிடுவதால், படத்தில் கருப்புப் பட்டைகள் விழும். ஆர்3-இல் இருப்பது அடுக்கு அமைப்புள்ள சென்சார். அது மிக விரைவாகப் படித்துவிடுவதால், மின்னணு ஷட்டரிலேயே ஃப்ளாஷைக்கூட 180-இல் ஒரு பங்கு வேகத்தில் பயன்படுத்த முடிகிறது. விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த வேகத்துக்காகத்தான். நீங்கள் ஆர்50-இல், மின்னணுவாகத் தொடங்கி, அசையும் திரைச்சீலையால் முடியும் ஷட்டரையே (எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்) வைத்துக்கொள்ளுங்கள். அதன் சிறிய ஓசை நட்டுவாங்கத் தாளத்தில் அமிழ்ந்துவிடும்.

கேள்வி: ஆர்50 கேமராவை வைத்துக்கொண்டு திருமணப் படங்கள் எடுக்கும் தொழிலைத் தொடங்கலாமா? தொடக்க நிலைக் கேமராவிலேயே படங்கள் நன்றாகத்தான் வருகின்றன.
– வாசகர், மதுரை

பதில்: படங்கள் நன்றாக வருகின்றன என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் பிறர் வீட்டுத் திருமணத்தை அதை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். காரணம், அதில் மெமரி கார்டு போட ஒரே ஓர் இடம்தான் உள்ளது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில், ஒரே கார்டு ஏற்கும் கேமராவுடன் மணவறைக்கு அருகில் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை தோளிலும் லென்ஸிலும் விழுந்தது, மணமகன் முதல் முடிச்சைப் போட, நாத்தனார் குனிந்து மற்ற இரண்டையும் போட்டு முடித்தார். எல்லாவற்றையும் எடுத்தேன், கேமராவின் திரையில் பார்த்தும் கொண்டேன். அன்று மாலை கணினியில் அந்தக் கார்டு திறக்கவில்லை. மீட்பு மென்பொருளைக் கொண்டு இரண்டு நாள் முயன்றதில் வரவேற்பு வாசலும் பந்தியும் கிடைத்தன. முகூர்த்த நேரத்துப் படங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் இன்றும் தாலி கட்டும் படம் இல்லை. அங்கே போகும்போதெல்லாம் என் கண் அந்தச் சுவரைத்தான் தேடுகிறது.

தொழில்முறைக் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் அழகான படத்துக்கு அல்ல, திரும்ப வராத கணத்தை இழக்காமல் இருப்பதற்கே என்று நான் உறுதியாக நம்புவது அந்த நாளிலிருந்துதான். ஆர்3-ஐ ஒவ்வொரு படத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் எழுதும்படி அமைக்கலாம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். அதன் ஷட்டர் ஐந்து லட்சம் முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. ரா கோப்புகளாக (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வகை) எடுத்தால், நொடிக்கு 30 படம் வீதம் 150 வரை தொடர்ந்து ஏற்கும். ஆர்50-ஓ ஏழெட்டு ரா படங்களிலேயே நினைவகம் நிறைந்து மூச்சு வாங்கும். மூன்று முடிச்சுக்குள் அந்தத் தாமதம் வந்தால் என்ன செய்வீர்கள்? மேலும், உங்களிடம் பழைய ஃப்ளாஷோ, தள்ளி வைத்த ஃப்ளாஷை இயக்கும் டிரிக்கரோ இருந்தால் அதை ஆர்50-இன் மேல் பொருத்த ஏடி-இ1 என்ற தனி அடாப்டர் வேண்டும்.

ஆனால் இதற்காக ஆர்3 வரை போக வேண்டியதில்லை. 2020-இல் வந்த ஆர்6, பிறர் பயன்படுத்தியதாக, நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம். ஃபுல் ஃபிரேம், 20 மெகாபிக்சல், உடலிலேயே அதிர்வு தடுக்கும் வசதி, இரண்டு எஸ்டி கார்டு இடங்கள் என்று திருமணத்துக்கு வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. வாங்குமுன் துளையை எஃப் 16-க்குக் குறுக்கி வெள்ளைச் சுவரையோ வெளிர் வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசியோ கறையோ இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். ஃப்ளாஷ் பொருத்தும் இடத்தின் உலோகத்திலும், அடிப்பக்கத் திருகுகளிலும் துரு இருந்தால், கடற்காற்றிலோ மழையிலோ கிடந்த கேமரா அது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் ஆர்50-ஐ விற்க வேண்டாம். இரண்டாவது கேமராவாகத் தோளில் தொங்கட்டும்.

கேள்வி: வேடந்தாங்கல் பறவைகளை எடுக்க ஃபுல் ஃபிரேம் கேமராதான் வேண்டுமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: இல்லை, இந்த ஒரு விஷயத்தில் சிறிய சென்சாருக்கு உண்மையான அனுகூலம் உண்டு. ஏரிக் கரையிலிருந்து நீருக்குள் நிற்கும் மரங்கள் தொலைவில் இருப்பதால், எந்த லென்ஸும் நீளம் போதாததாகவே தோன்றும். 400 மி.மீ. லென்ஸை ஆர்50-இல் பொருத்தினால், மரக்கிளையில் நிற்கும் நத்தைகுத்தி நாரை 24 மெகாபிக்சலில் எந்த அளவு இடத்தை நிரப்புகிறதோ, அதே அளவுக்கு ஆர்3-இல் வெட்டி எடுத்தால் ஏறத்தாழ 9 மெகாபிக்சல்தான் மிஞ்சும். கேனானின் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸ் 635 கிராம். ஆர்50, பேட்டரியும் கார்டும் சேர்த்து 375 கிராம். இரண்டும் சேர்ந்து, லென்ஸ் இல்லாமல் பேட்டரியும் கார்டும் மட்டும் சேர்த்த ஆர்3-இன் எடையான 1,015 கிராமுக்கு ஏறத்தாழச் சமம். காலை முழுவதும் கரையில் நடக்கும்போது இதன் அருமை தெரியும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த லென்ஸ் 400 மி.மீ.யில் எஃப் 8 வரையே திறக்கும். ஆகவே வெயில் ஏறிய பிறகே அது நன்றாக வேலை செய்யும். மாலையில் கூட்டுக்குத் திரும்பும் பறவைகளின் இறக்கை வீச்சை, படமெடுக்கும் கணத்தில் வியூஃபைண்டர் திரை இருளாமல் கண்ணால் தொடர்ந்தபடியே எடுப்பதில் ஆர்50, ஆர்3-க்கு ஈடாகாது.

கேள்வி: தொழில்முறைக் கேமராவில் நீர் புகாத அடைப்பு இருக்கிறதே, லென்ஸில் பூஞ்சை வராமல் அது காக்குமா? நான் கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: காக்காது. அந்த அடைப்பு, தூறலையும் தூசியையும் சற்று நேரம் தடுப்பதற்கானது. காற்றின் ஈரப்பதம் லென்ஸின் இடுக்குகள் வழியே உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. விலை உயர்ந்த லென்ஸையும் மலிவான லென்ஸையும் பூஞ்சை ஒன்றாகவே பிடிக்கும். தோல் பையிலும் பீரோவிலும் வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், நிறம் மாறியதும் அதன் உறையில் குறிப்பிட்டுள்ளபடி சூடாக்கி, ஆறிய பிறகு மீண்டும் டப்பாவில் போடலாம்.