பிராம்லி, பிளென்ஹைம் ஆரஞ்சு ஆகிய ஆப்பிள் மரங்கள் பூத்தும் காய்க்காதது குறித்து

வணக்கம். நாட்டிங்ஹாம் அருகே உங்கள் வீட்டுத் தோட்டத்தில் பிராம்லியும் பிளென்ஹைம் ஆரஞ்சும் ஆண்டுதோறும் நன்றாகப் பூத்தும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடுவதாக எழுதி, தொழுவுரத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறை மண்ணில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உதிர்ந்த பிஞ்சைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். விதைகள் சப்பையாக இருந்தால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று கொள்ளலாம். இவ்விரண்டும் மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட ரகங்கள். இவற்றின் மகரந்தம் பெரும்பாலும் வீரியமற்றது என்பதால், அருகருகே நின்றாலும் ஒன்றுக்கொன்று உதவ இயலாது. அதே பருவத்தில் பூக்கும் ஜேம்ஸ் கிரீவ் போன்ற, இரண்டே தொகுதி கொண்ட ரகம் ஒன்று அவசியம். அது ஓரளவு தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பது கூடுதல் வசதி.

இடமில்லையெனில், மார்ச் மாதத்தில் அதன் குச்சியைப் பிராம்லியின் கிளையொன்றில் ஒட்டுக்கட்டுங்கள். அது பூக்கும்வரை, பூத்த காட்டு ஆப்பிள் கிளைகளை வெட்டித் தண்ணீர் வாளியிலிட்டு மரத்தில் தொங்கவிட்டால், மற்றதைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். தொழுவுரம் இப்போது வேண்டாம்; 1809-இல் சவுத்வெல்லில் ஊன்றிய விதையில் பிறந்த பிராம்லி இயல்பிலேயே முரட்டு வளர்ச்சி உடையது, தழைச்சத்து மிகுந்தால் இலையும் கொம்புமாகவே போகும்.

நீங்கள் கேட்டிருந்த மெட்லர் என்னும் சிறு பழமரத்துக்கு, மகரந்தம் தரும் துணைமரம் தேவையில்லை. காயை அக்டோபர் கடைசியில் பறித்து, குளிர்ந்த அறையில் காம்பு மேலாக அடுக்கி, பழுப்பாகிக் குழைந்த பிறகு உண்ணுங்கள்.