194 கட்-ஆஃபுக்குக் கிண்டி கிடைக்குமா?

வாசகர்களின் கவுன்சலிங் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அய்யா, வணக்கம். ப்ளஸ் டூவில் கணிதம் 98, இயற்பியல் 95, வேதியியல் 97. பி.சி. வகுப்பு. கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது? பக்கத்து வீட்டு அண்ணன், "கிண்டியை லிஸ்டில் முதலில் போட்டால் மற்றதும் போய்விடும், கிடைக்கிறதை முதலில் போடு" என்கிறார். பின்குறிப்பு: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில்தான் படித்தேன். இது எதற்காவது உதவுமா?
– வாசகி, ஆரணி

பதில்: பட்டு நூல் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள் போலிருக்கிறது. மேலே 'பாவு 2' என்று பென்சிலால் குறித்தது அப்படியே இருக்கிறது. பின்குறிப்புக்கு இடம் போதாமல் தாளைத் திருப்பி ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலேயே முக்கியமான வரி அந்த ஓரத்து வரிதான், அம்மா. அதற்கு வருகிறேன்.

முதலில் 200-க்கான கட்-ஆஃப் கணக்கு. கணிதம் அப்படியே 98. இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி, அதாவது 47.5, 48.5. ஆக 194. நல்ல மார்க். ஆனால் எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்களையும் நம்ப மாட்டேன். கவுன்சலிங் ஒன்றும் சீட்டுக் குலுக்கல் இல்லை. உனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதுதான் எல்லாமே.

போன வருடம் எந்த மார்க்கில் முடிந்தது என்று பார்த்துத் தன் மார்க்கை அதன் பக்கத்தில் வைப்பது எல்லோரும் செய்கிற தப்பு. 2023-ல் 200-க்கு 200 கட்-ஆஃப் வாங்கியவர்கள் 102 பேர். 2024-ல் 65 பேர். தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்களோ 2023-ல் சுமார் 1.79 லட்சம், அடுத்த வருடம் கிட்டத்தட்ட 2 லட்சம். உச்சியில் ஆள் குறைந்தது, மொத்தத்தில் கூட்டம் ஏறியது. கணிதத் தாள் சுலபமாக வந்த வருடம் 194-க்கு மேலே நெரிசல் தாங்காது. கடினமாக வந்த வருடம் அதே 194 எங்கோ முன்னால் போய் நிற்கும். மார்க் அதேதான், வரிசையில் நிற்கிற இடம் வேறு. அதனால் பட்டியல் வரும்வரை மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வந்ததும் பொது ரேங்க், கம்யூனிட்டி ரேங்க் என்று இரண்டு எண் தெரியும். போன வருடம் நீ கேட்கிற கல்லூரியில், நீ கேட்கிற பிரிவில், பி.சி.யில் கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க் என்ன என்று பார். ரேங்கை ரேங்கோடு ஒப்பிடு.

அப்புறம், உனக்கு இரண்டு வாசல் இருப்பதை மறந்துவிடாதே. 100 இடம் என்றால் 31 பொதுப்போட்டி, 26.5 பி.சி. பொதுப்போட்டி என்பது 'எஃப்.சி. கோட்டா', அதாவது முற்பட்ட வகுப்பினருக்கான இடம் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் உள்ள வாசல்.

சரி, வெளிப்படையாகவே சொல்கிறேன். பொதுவான கவுன்சலிங்கை மட்டும் வைத்துப் பார்த்தால், 194-க்குக் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வராது. அங்கே பி.சி.யே 198, 199 பக்கம்தான் முடிகிறது. ஆனால் கிண்டி என்றால் கம்ப்யூட்டர் மட்டும்தானா? 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. இன்றைக்கும் அங்கே ஜியோ-இன்ஃபர்மேடிக்ஸ் இருக்கிறது. சுரங்கவியல், பிரிண்டிங் இருக்கின்றன. சிவில், மெக்கானிக்கல் இரண்டும் 2010 முதல் தமிழ் வழியிலும் நடக்கின்றன. இவையெல்லாம் கம்ப்யூட்டருக்கு வெகுவாகக் கீழே வந்துதான் முடியும். கல்லூரி முக்கியமா, பாடம் முக்கியமா என்று நீயும் அப்பாவும் ஒருநாள் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதை நான் சொல்ல முடியாது.

இப்போது அந்த ஓரத்து வரி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத முன்னுரிமை இடம் 2021-லிருந்து இருக்கிறது. அதற்குத் தனித் தரவரிசை உண்டு. அங்கே நீ போட்டியிடுவது 2 லட்சம் பேரோடு அல்ல, உன்னைப் போல அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு மட்டும். 194 வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் கூட்டமாக இருக்க மாட்டார்கள். ஆனால் இடமும் கொஞ்சம்தான் என்பதையும் பார்த்துக்கொள். 60 பேர் படிக்கும் ஒரு பிரிவில் 7.5 சதவீதம் என்றால் நாலோ ஐந்தோ. அதையும் வகுப்புவாரியாகப் பிரித்தால் பி.சி.க்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றில் நீ இருக்க முடியுமா என்றால், முடியும், துணிந்து கேள் என்பேன். கிடைத்தே தீரும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். அப்பாவிடம் அதை முதலில் சொல்.

ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடு. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்வந்திருந்தால் சிக்கல். உன் பள்ளியில் ஆறும் பன்னிரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால் வேலை சுலபம். வேறு வேறு பள்ளி என்றால் இரண்டு இடத்திலும் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து பக்கத்து வீட்டு அண்ணன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தப்பு. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 2018-ல்தான் கவுன்சலிங் முதல்முறையாக ஆன்லைனுக்குப் போனது. என் தங்கை மகனுக்கு லிஸ்ட் போட்டது நான்தான். கணக்கு வாத்தியார் மாமா போட்டால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவன் ரேங்குக்குக் கிண்டி சிவில் வருமா வராதா என்று இழுபறி. நான் 'பத்திரமாக' இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பக்கத்தில் நிச்சயம் கிடைக்கிற கல்லூரி ஒன்றை முதலில் போட்டு, கிண்டியை நாலாவதாக வைத்தேன். முதலில் போட்டதே கிடைத்தது. கிடைக்காமல் எங்கே போகும்? பிறகு அலாட்மென்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தால், கிண்டி சிவில் அவனுக்கும் கீழே உள்ள ரேங்கில் முடிந்திருக்கிறது. இப்போது அவன் நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனாலும் பொங்கலுக்கு வரும்போதெல்லாம், "மாமா, இந்த வருஷம் யாருக்கு லிஸ்ட் போட்டீங்க?" என்று கேட்காமல் போவதில்லை.

கம்ப்யூட்டர் உன் லிஸ்டை மேலிருந்து கீழே படிக்கும். முதல் சாய்ஸில் இடம் இல்லையென்றால் இரண்டாவதுக்குப் போகும். முதலாவதைக் கேட்டதற்காக இரண்டாவதில் உன்னைப் பின்னுக்குத் தள்ளாது. அதனால் எது வேண்டுமோ அது மேலே, எது போதுமோ அது கீழே. கிண்டியை முதலில் போடு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. அடுத்து. பிறகு கோவை, மதுரை, வீட்டுக்குப் பக்கம். பத்தோடு நிறுத்தாதே, அறுபது எழுபது போட்டாலும் காசு கேட்க மாட்டார்கள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு 'அப்வர்ட்' கேட்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது நீ மேலே எழுதியதற்குத்தான் போகும். எழுதாத ஊருக்கு பஸ் கிடையாது.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்க்க இப்போதே ஃபவுண்டேஷன் கோச்சிங் போடச் சொல்கிறார்கள். மூன்று லட்சம் கேட்கிறார்கள். போட்டால் வாய்ப்பு எப்படி?
– வாசகர், திருச்சி

பதில்: கோச்சிங் கடையில் சொல்லாத மூன்று எண்ணைத் தருகிறேன். 2024-ல் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியவர்கள் சுமார் 1.8 லட்சம். தேர்ச்சி பெற்றவர்கள் 48,248. நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.யிலும் சேர்த்து இடங்கள் 17,740. 'தேர்ச்சி' என்று நோட்டீஸில் படம் போடும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஐ.ஐ.டி.க்குள் கால் வைக்கவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. சென்னையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமானால் பொதுப்பிரிவில் முதல் இருநூறுக்குள் வர வேண்டியிருக்கும். இன்னொன்று, அதற்கு முந்தைய கட்டமான ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலம், இந்தியில் மட்டும்தான். இதை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் பையனுக்குக் கணக்கு பிடிக்குமா என்று ஒரு வரி இல்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தால், பதினோராம் வகுப்பில் பணம் கட்டினாலும் தாமதமில்லை. ஐந்து நிமிடத்தில் நோட்டை மூடிவிட்டால் மூன்று லட்சம் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: ரேண்டம் எண் வெளியிடும் நாளில் மகனுக்குச் சந்திராஷ்டமம். சின்ன எண்ணாக விழுந்தால் சீட் போய்விடுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: போகாதும்மா. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் என்றால் முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், அப்புறம் மற்றவை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அத்தனையும் சமமாக இருந்தால்தான், கம்ப்யூட்டர் ஏதோ ஒன்றாகப் போட்டுத் தருகிற அந்தப் பத்து இலக்க ரேண்டம் எண்ணைத் தொடுவார்கள். அது வரை போவது அபூர்வம்.

அந்த நாளை வீணாக்க வேண்டாம். மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே மகனின் இனிஷியலை ஓரிடத்தில் 'கே' என்றும் இன்னோரிடத்தில் 'கே.எஸ்.' என்றும் எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழிலும் அப்படி இருந்தால் திங்கட்கிழமை காலையே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.