சனிக்கிழமைக்குச் சேமித்த உடல்

அன்புள்ள ஐயா,

பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை அடித்துப் பழக்கும் பயிற்சியாளர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் மினியாபொலிஸில் வசிக்கிறேன். பதினைந்து வயது மகன் இந்த ஆண்டு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்திருக்கிறான். மாலைதோறும் உடம்பில் ஒரு புதுக் கன்றலோடு வீடு திரும்புகிறான். "இப்படி மோதிப் பழகாவிட்டால் கோப்பை கிடைக்காது" என்கிறார் அவனுடைய பயிற்சியாளர். ஆனால் எங்கள் மாநிலத்திலேயே ஒரு சின்னக் கல்லூரி, பயிற்சியில் யாரையும் மோதி வீழ்த்தாமலே தேசியக் கோப்பையை வென்றது என்று அலுவலக நண்பர் சொல்கிறார். மோதல்தானே அந்த ஆட்டம்? மோதாமல் எப்படிப் பழக முடியும்?

ஆர்., மினியாபொலிஸ்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னது உண்மை. அந்தக் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில், காலேஜ்வில்லில் இருக்கிறது. பெனடிக்டின் துறவிகள் 1857இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ். இளநிலைப் படிப்பில் ஆண்கள் மட்டுமே. அது ஆடுவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. எனவே அங்கே ஆடும் பையன்கள் ஆட்டம் பிடித்துப்போய் ஆடுகிறவர்கள்.

அவர்களின் பயிற்சியாளர் ஜான் கலார்டி. 1953இல் வந்தவர் 2012 வரை இருந்தார். அவரை யாரும் 'கோச்' என்று அழைக்கக் கூடாது; 'ஜான்' என்றுதான் அழைக்க வேண்டும். அவருடைய முறை முழுவதும் 'கூடாது'களால் ஆனது. பயிற்சியில் ஆளை வீழ்த்தக் கூடாது. விசில் கூடாது. கத்தக் கூடாது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கக் கூடாது. எடை தூக்குவதைக் கட்டாயமாக்கக் கூடாது. சேர வந்த எவனையும் கழித்துக்கட்டக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி நீளக் கூடாது. கொசு அதிகமாக இருந்தால் அதுவும் கிடையாது. புல்லில் மல்லாந்து படுத்து, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து 'இன்று அழகான நாள்' என்று சொல்வதை அவர்கள் ஒரு பயிற்சியாகவே செய்தார்கள்.

இந்த முறை பிறந்த விதத்தை நான் மறப்பதில்லை. 1943இல் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் ஊரில் கலார்டி பதினாறு வயதுப் பள்ளி மாணவன். அணியின் பயிற்சியாளரைப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள். அணியையே கலைத்துவிடப் பள்ளி நினைத்தது. பையன் போய்ப் பேசி, பயிற்சியைத் தானே ஏற்றுக்கொண்டான். பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் உடல் கெடும் என்று நம்பிய காலம் அது. அவன் முதலில் தண்ணீர் குடிக்கவிட்டான். பிறகு, தனக்கும் நண்பர்களுக்கும் பிடிக்காத ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டான். அந்த அணி வென்றது. அடி வாங்கிய ஒருவன் அதிகாரம் கைக்கு வந்ததும் அடிக்காமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் மைதானங்களில் 'நாங்கள் பட்டோம், நீயும் படு' என்பதுதானே பரம்பரைச் சொத்து.

இனி 2003. நவம்பர் 8 அன்று பெத்தெல் அணியை 29-26 என்று வென்றபோது அது கலார்டியின் 409ஆவது வெற்றி. கிராம்ப்ளிங் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எடி ராபின்சன் வைத்திருந்த 408 என்ற சாதனையை அது தாண்டியது. கலார்டிக்கு அப்போது 77 வயது. செய்தித்தாள்கள் அத்தோடு கதை முடிந்ததுபோல எழுதின. ஆனால் அணி நாக்-அவுட் சுற்றுகளிலும் வென்றுகொண்டே போய், டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலம் நகரில் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது.

எதிரே ஓஹையோவின் மவுண்ட் யூனியன். தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோற்காத அணி. 2000ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்திலும் இவர்கள்தான் எதிரே இருந்தார்கள். கடைசி நொடிகளில் உதைத்த ஒரு பந்தில் செயின்ட் ஜான்ஸை 10-7 என்று வீழ்த்தியிருந்தார்கள். இந்த முறை 24-6. செயின்ட் ஜான்ஸ் பதினான்கு ஆட்டங்களில் பதினான்கையும் வென்று கோப்பையை எடுத்தது. தங்கள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் எதிரணி வீசிய பந்தை இடையில் பாய்ந்து பிடித்த ஒரு தடுப்பாட்டக்காரர், மைதானத்தின் நூறு கஜத்தையும் ஓடிக் கடந்து ஆறு புள்ளி எடுத்தார். பந்து எங்கே வரும் என்று முன்பே படித்திருந்தால் மட்டுமே அப்படிப் பாய முடியும்.

உங்கள் கேள்விக்கான விடை அந்த ஓட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மோதல் சில நொடிகள்தான். அதற்கு முன்னால் எதிரணியின் நிற்பைப் படிப்பது, யார் எங்கே நகர வேண்டும் என்று அறிவது, சரியான கணத்தில் அங்கே இருப்பது. கலார்டி தன் ஒன்றரை மணி நேரத்தை இதற்கே செலவிட்டார். ஒருவரை ஒருவர் கீழே தள்ளி எழுப்பிக்கொண்டிருந்தால் ஒரு ஆட்டமுறையைப் பத்துத் தடவை பழகும் நேரத்தில் மூன்று தடவைதான் பழக முடியும். உடலை, ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைக்குச் சேமித்துவைத்தார்கள். பதினான்காவது ஆட்டத்துக்கு டிசம்பர் குளிரில் வந்து நிற்கும்போது அந்தச் சேமிப்புக்கு என்ன மதிப்பு என்று உங்கள் மகனின் தோளைப் பார்த்தாலே தெரியும்.

இது ஒரு துறவி மடத்தின் தனி அதிசயமும் அல்ல. டார்ட்மவுத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியில் ஆளை வீழ்த்துவதை நிறுத்தினார். 2016இல், டார்ட்மவுத் உட்பட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக்கின் பயிற்சியாளர்கள் எல்லோருமே, போட்டிப் பருவப் பயிற்சிகளில் அதை விலக்கச் சம்மதித்தார்கள். தலையில் படும் அடி மூளையை என்ன செய்கிறது என்ற அச்சம் அதற்குள் நாடு முழுவதும் பரவியிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கலார்டியிடம் வந்தவர்கள் பள்ளியிலேயே மோதக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். உங்கள் மகன் இப்போதுதான் கற்கிறான். தலையை விலக்கித் தோளால் எப்படித் தாங்குவது என்று அவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். பஞ்சுப் பொதியில் மெதுவாகப் பழக வேண்டும். அது தெரியாமல் ஆட்டத்தில் இறங்குவதே பெரிய ஆபத்து. ஆகவே பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் முழு வேகத்தில் மோதவைக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். கன்றல் தினமும் புதிதாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தினமும்' எனக்குக் கவலை தருகிறது.

கலார்டி ஓய்வுபெற்றபோது 489 வெற்றிகள். கல்லூரிக் கால்பந்தில் யாரும் தொடாத எண்ணிக்கை. 2018இல் காலமானார். அவர் ஆடவைத்த மைதானம் மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் அப்படியே இருக்கிறது. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது ஒரு சனிக்கிழமை மகனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.