மகன் கூஸ் வாத்து வளர்க்கட்டும், கடன் மட்டும் வேண்டாம்

பள்ளிப் படிப்பை முடித்த மகன் கூஸ் வாத்து வளர்க்கப் போகிறேன் என்கிறான். உறவினர்களோ கால்நடை மருத்துவமாவது படிக்கட்டும், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வரும் என்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் அம்மா, இது திருத்த வேண்டிய கோளாறு அல்ல. ஆறுதல் இத்துடன் போதும். நோயைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ ஒரு கேள்விகூடக் கேட்காத பையனை, பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் வகுப்பில் உட்கார வைப்பது வீண். கட்டணம் கட்டப்போவது நீங்கள்தான். யோசனை சொல்பவர்கள் அல்ல.

மருத்துவம், பொறியியல் பற்றி உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். உங்களிடம் யாரும் சொல்லாதது இனவிருத்தித் தொழில். அவன் ஆசைப்படுவது துலூஸ் இனம். தென்மேற்குப் பிரான்சில் தோன்றிய, சாம்பல் நிறப் பெரும்பறவை. கண்காட்சி வகைக்குத் தாடையின் கீழ் மாட்டைப்போல அலைதாடி தொங்கும். அடிவயிற்று மடிப்பு தரையை நெருங்கும். ஆண் சுமார் 12 கிலோ வரை வளரும். அமெரிக்காவில் 1874-லேயே இதற்குத் தர வரையறை எழுதிவிட்டார்கள்.

வாத்து மேய்க்க என்ன படிப்பு என்று சிரிக்கும் உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். கனத்த உடல் என்பதால், நீந்தும் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால்தான் இனச்சேர்க்கை எளிது. கொழுத்துவிட்டால் முட்டைகள் கருக்கூடுவது குறையும். பெட்டை ஒரு பருவத்துக்கு 25 முதல் 40 முட்டைகள்தான் இடும். அடையில் உட்கார்ந்தால் தன் கனத்தாலேயே சிலவற்றை உடைத்துவிடும். ஆகவே இன்குபேட்டரில் ஏறத்தாழ 30 நாள்: ஈரப்பதம் பார்க்க வேண்டும், முட்டையைத் திருப்ப வேண்டும், அவ்வப்போது ஆறவிடவும் வேண்டும். குஞ்சுகளுக்குத் தீவனத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் போதாவிட்டால் கால் வளைந்துவிடும். பிறந்த குஞ்சின் எச்சத்துவாரத்தைக் காயப்படுத்தாமல் விரித்து ஆணா, பெண்ணா என்று சொல்வது தனிக் கைத்திறன். எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்த்தோம் என்ற பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது அதைவிடக் கடினம், சோம்பேறிகளால் ஆகாது. இவற்றைக் கற்றவனுக்குச் சொந்தப் பண்ணை இல்லாவிட்டாலும் குஞ்சு பொரிப்பகங்களிலும் தீவன ஆலைகளிலும் வேலை உண்டு.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். இந்த இனம் முழு உடல் பெற இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை தீவனச் செலவு நிற்காது. கடன் வாங்கிப் பண்ணை வைக்க ஒப்புக்கொள்ளவே கூடாது. முதலில் கோழியின வளர்ப்பில் ஒரு பட்டயப் படிப்பு. பிறகு வேறொருவர் பண்ணையில் ஒரு முழு முட்டைப் பருவம் கூலி வேலை. விடியலில் எச்சத்தை வழித்துப் போட்ட பிறகும் இதே ஆசை இருந்தால், ஓர் ஆணும் இரண்டு பெட்டைகளும் வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். தீவனக் கணக்கை அவனே எழுதட்டும்.